‘பலகையைக் கழற்றச் சொல்கிறார்கள், தமிழையும் அழிக்கச் சொல்வார்களா?’: மரபு வட்டாரக் கடைக்காரர் ஒருவருக்குப் பதில்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில், லெபோ பசாரை ஒட்டிய தெரு ஒன்றில் மளிகையும் வாசனைச் சரக்கும் விற்கும் கடையை நடத்திவரும் வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கடையை அவருடைய தாத்தா 1952-இல் தொடங்கினார். கட்டடம் அன்று முதல் இன்று வரை வாடகைதான். உரிமையாளரின் பிள்ளைகள் இப்போது வாடகை வாங்குகிறார்கள். மாடிச் சன்னல்களுக்குக் கீழே, சுவர்ப்பூச்சிலேயே புடைப்பாக வார்த்த தமிழ் எழுத்துகளில் தாத்தாவின் பெயரும், அதன் அடியில் ‘சில்லறை, மொத்த விற்பனை’ என்ற வரியும் இருக்கின்றன. தந்தை காலமானபின் கடைப் பொறுப்பை ஏற்ற வாசகி, சென்ற தீபாவளிக்கு முன்பாக 14,000 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்து, 18 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள அலுமினியப் பலகை ஒன்றை எல்இடி எழுத்துகளோடு மாட்டினார். அது பழைய எழுத்துகளையும் சன்னல்களின் கீழ்ப்பாதியையும் மறைத்துவிட்டது. பலகையில் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே இருக்கின்றன. மாட்டிய ஒப்பந்தக்காரர், “லைசென்ஸ் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று வாய்மொழியாகச் சொன்னாராம். இப்போது மாநகர் மன்றத்திலிருந்து, 14 நாளுக்குள் பலகையை அகற்றும்படி அறிவிப்பு வந்திருக்கிறது.

வாசகியின் கேள்விகள் இவை. கட்டட உரிமையாளர் எழுத்து மூலம் சம்மதம் கொடுத்திருக்கும்போது மன்றம் எப்படித் தலையிட முடியும்? வியாபார உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறதே, அது போதாதா? அதே தெருவில் இதைவிடப் பெரிய பலகைகள் இருக்கும்போது தமக்கு மட்டும் ஏன் அறிவிப்பு? இது தமிழை அகற்றும் முயற்சியா? வழக்குப் போட்டால் வெல்ல முடியுமா? கடைசியாக ஒன்று: பிரச்சினையே வேண்டாம் என்று உரிமையாளர் பழைய எழுத்துகளையும் உளியால் செதுக்கிவிட்டு வெள்ளையடிக்கப் போவதாகச் சொல்கிறார், அவரை எப்படித் தடுப்பது?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் அவசரமான கேள்வி. அலுமினியப் பலகை போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். தாத்தா காலத்து எழுத்துகள் ஒரு பிற்பகலில் உதிர்ந்துவிட்டால் யாராலும் திருப்பித் தர முடியாது. ஆகையால் இந்தப் பதிலை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் என்ன எழுத வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், உங்கள் கடிதத்தில் கலந்துகிடக்கும் சில எண்ணங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

‘யுனெஸ்கோக்காரர்கள் பலகை வைக்க விடமாட்டார்கள்’ என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். யுனெஸ்கோ எந்தக் கடைக்காரருக்கும் அறிவிப்பு அனுப்புவதில்லை. அபராதம் விதிப்பதும் இல்லை. 1972-ஆம் ஆண்டின் உலக மரபு உடன்படிக்கையில் மலேசியா 1988-இல் சேர்ந்தது. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் ஒரே பதிவாக உலக மரபுப் பட்டியலில் ஏறின. அந்தப் பதிவைக் காப்பாற்றுவதாக அரசாங்கம் கொடுத்த வாக்கை நம் நாட்டுச் சட்டங்களும் மாநகர் மன்றத்தின் துணைவிதிகளும்தான் நடைமுறைப்படுத்துகின்றன. ஜார்ஜ்டவுனில் மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டர். அதைச் சூழ்ந்த காப்புப் பகுதி சுமார் 150 ஹெக்டர். லிட்டல் இந்தியா மையப் பகுதிக்குள் அடங்கியது. உங்கள் கட்டடம் இரண்டாம் வகை மரபுக் கட்டடம், அதாவது முயன்று பாதுகாக்க வேண்டிய சிறப்புடையது, என்று அறிவிப்பிலேயே குறித்திருக்கிறார்கள்.

ஒரு பலகை, மூன்று சட்டங்கள்

அறிவிப்பின் நகலை அனுப்பியதற்கு நன்றி. அதன் முதல் பத்தி விளம்பரத் துணைவிதிகளைச் சுட்டுகிறது. இரண்டாவது பத்தி, கட்டடத்தின் முகப்பை அனுமதியின்றி மறைத்ததைப் பற்றிப் பேசுகிறது. பலரும் முதல் பத்தியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு உண்மையில் கவலை தர வேண்டியது இரண்டாவது பத்திதான்.

விளம்பரத் துணைவிதிகள் 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்திலிருந்து, அதாவது 171-ஆம் சட்டத்திலிருந்து, அதிகாரம் பெறுகின்றன. அந்தச் சட்டத்தின் 119-ஆம் பிரிவின்படி, துணைவிதியை மீறுவோருக்கு அதிகபட்சமாக 2,000 வெள்ளி அபராதமோ ஓராண்டுச் சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தண்டனைக்குப் பிறகும் குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 200 வெள்ளி வரை சேரும். நடைமுறையில் இத்தகைய விவகாரங்கள் பெரும்பாலும், வழக்கு நீதிமன்றம் போகாமல் மன்றத்திடமே கட்டும் சமாதான அபராதத்தோடு முடிந்துவிடுவதால், ‘கட்டிவிட்டுப் பலகையை அப்படியே வைத்திருப்போம்’ என்ற துணிச்சல் சில வியாபாரிகளுக்கு வந்துவிடுகிறது. உங்கள் தம்பியும் அப்படிச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அபராதம் நடந்த குற்றத்துக்குத்தான். அதைக் கட்டியதால் பலகைக்கு அனுமதி கிடைத்துவிடாது.

நகர், ஊரகத் திட்டமிடல் சட்டம், அதாவது 1976-ஆம் ஆண்டின் 172-ஆம் சட்டம், வேறு எடையுள்ளது. கட்டடத்தின் உட்புறத்தை மட்டும் தொடும் பராமரிப்பு வேலைக்குத் திட்ட அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த விலக்கு, வெளித்தோற்றத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றும் வேலைக்குப் பொருந்தாது. ஜார்ஜ்டவுனுக்கான சிறப்புப் பகுதித் திட்டம் 2016 செப்டம்பர் 1 முதல் அரசிதழ்ப்படி நடப்பில் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் அதற்கு உள்ளூர்த் திட்டத்துக்குச் சமமான வலு உண்டு. அதற்கு மாறான மேம்பாட்டுக்கு மன்றம் நினைத்தாலும் அனுமதி கொடுக்க முடியாது. 7 அடி உயரப் பலகையால் சன்னல்களை மறைத்தது வெறும் விளம்பரம் மட்டுமல்ல, முகப்பையே மாற்றிய செயல் என்று மன்றம் வாதிடலாம். அந்த வாதம் எடுபடாது என்று என்னால் உங்களுக்கு உறுதி கூற முடியாது. எடுபட்டால், 26-ஆம் பிரிவின் உச்சவரம்பு 500,000 வெள்ளி அபராதம் அல்லது இரண்டாண்டுச் சிறை அல்லது இரண்டும். ஒரு மளிகைக் கடைப் பலகைக்காக எந்த நீதிமன்றமும் அந்த வரம்பின் அருகில் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவும் இல்லை. 2,000 வெள்ளி விவகாரம் என்று நினைத்து அறிவிப்பைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது, 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். அலுமினியப் பலகையைக் கழற்றிவிட்டு அதற்குப் பதிலாக அஞ்சடியில், அதாவது கடைமுன் உள்ள கூரையிட்ட நடைபாதையில், தரையில் நிற்கும் பலகை ஒன்று வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அஞ்சடியை மறிப்பது அந்தச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம். மிளகாய் மூட்டைகளை அஞ்சடியில் வைத்ததற்காக உங்கள் அப்பாவும் ஒருமுறை அபராதம் கட்டியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வியாபார உரிமம் பற்றிய உங்கள் எண்ணத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. கடையை நடத்தும் உரிமமும் விளம்பரப் பலகைக்கான உரிமமும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே ரசீதில் வருவதுண்டு. அதனால்தான் இந்தக் குழப்பம். உங்கள் அப்பா காலத்து ரசீதில் பலகையின் அளவு குறிப்பிடப்பட்டிருக்கும். அந்த அளவுக்கும் அந்தப் பலகைக்கும்தான் அது உரிமம். அதைப் புதுப்பிப்பது புதிய பலகைக்கு அனுமதி வாங்கியதாகாது. தவிர, 171-ஆம் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, தான் வழங்கிய உரிமத்தைக் காரணம் கூறாமலேயே எந்நேரமும் மீட்டுக்கொள்ள மன்றத்துக்கு இடம் தருகிறது. அதற்கு இழப்பீடும் கிடையாது. பலகைக்காக முறுக்கிக்கொண்டு நின்று, கடை உரிமத்தையே ஆபத்தில் தள்ளிவிட வேண்டாம்.

மற்றவர்கள் வைத்திருக்கிறார்களே

எதிர்வரிசையில் இருக்கும் பெரிய பலகைகளைப் படம்பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்பது படங்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கே எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சட்டத்தை மீறுவதில் சமத்துவம் கேட்க முடியாது என்பது நீதிமன்றங்களில் நன்றாக ஊன்றிய கொள்கை. அவர்களுக்கு உரிமம் இருக்கலாம். அந்தக் கட்டடங்கள் மரபு வகைக்குள் வராதவையாக இருக்கலாம். அவர்களுக்கும் அறிவிப்பு போயிருக்கலாம். அந்தப் படங்களை இணைத்துப் புகார் எழுதினால், நாளைக்கு அஞ்சடியில் எதிரும் புதிருமாக நிற்கப் போவது நீங்களும் உங்கள் அண்டைக் கடைக்காரர்களும்தான். தீபாவளிக் கூட்டத்தில் சில்லறை மாற்றக்கூட ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறீர்கள். அந்தப் படங்கள் உங்களிடமே இருக்கட்டும்.

தேசிய மொழி விதியும் தமிழும்

உங்கள் கடிதத்தில் ஆகச் சூடான பக்கம் இதுதான். 2024 இறுதியில் கோலாலம்பூரில் மலாய் இல்லாத பலகைகள்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டு, பினாங்கிலும் அதே அலை வருகிறது, தமிழை எடுக்கச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அறிவிப்பை மூன்று முறை படித்தேன். தமிழை அகற்றும்படி அதில் ஒரு சொல்கூட இல்லை. ‘தேசிய மொழி இடம்பெறவில்லை’ என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

கோலாலம்பூரில் நடப்பில் இருப்பவை 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச விளம்பரத் துணைவிதிகள். அவை பினாங்குத் தீவுக்குப் பொருந்தாது, இங்கே மாநகர் மன்றத்துக்கென்று தனித் துணைவிதிகள் உண்டு. இருந்தாலும் சாரம் ஒன்றுதான்: பலகையில் தேசிய மொழி கட்டாயம் இருக்க வேண்டும், அது எடுப்பாகத் தெரிய வேண்டும், அதோடு மற்ற மொழிகளும் இருக்கலாம். கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக அறிவிக்கும் அதே மூச்சில், அலுவல் காரியங்கள் தவிர்த்த மற்றவற்றில் வேறெந்த மொழியையும் பயன்படுத்துவதிலிருந்து யாரையும் தடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. தமிழுக்கான உங்கள் உரிமை அங்கே இருக்கிறது. மலாய் இல்லாத பலகையை அந்த உரிமை காப்பாற்றாது, அவ்வளவுதான்.

தமிழை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் வம்பு தீரும் என்ற தம்பியின் யோசனை, இருப்பதையும் தொலைத்துவிட்டு குற்றத்தை மட்டும் மிச்சம் வைத்துக்கொள்வதாகும். ஆங்கிலமும் தேசிய மொழி அல்லவே! பலகையில் எழுதப் போகும் மலாய்த் தொடரை தேசிய மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவிடம் சரிபார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மசாலைப் பெயர்களை மொழிபெயர்க்கும்போது நாமாக எழுதி, பிறகு எழுத்துப் பிழைக்காகப் பலகையைத் திரும்பச் செய்யும் கூத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சுவரில் இருக்கும் எழுத்துகள்

இனி பழைய எழுத்துகளுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பழைய குடும்பப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் தாத்தா மடித்துக் கட்டிய வேட்டியோடு வாசற்படியில் நிற்கிறார். தலைக்கு மேலே ‘விற்பனை’ என்ற சொல்லின் கடைசி எழுத்து, துதிக்கை போட்ட பழைய ‘னை’. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். இன்று இருபது வயதுக்காரர் ஒருவர் அந்த எழுத்தைத் தடுமாறாமல் வாசிப்பது அரிது. அதை வார்த்த கொத்தனார், ‘ற்’ மேல் புள்ளி வைக்க இடம் போதாமல், புள்ளியைச் சன்னல் விளிம்புக்குள் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார். அலுமினியப் பலகையைத் தாங்கும் இரும்புத் திருகு ஒன்று, உங்கள் இரண்டாவது படத்தின்படி, அந்தப் புள்ளிக்கு இரண்டு விரற்கடை தள்ளி இறங்கியிருக்கிறது. திருகிலிருந்து துருக்கறை ஒழுகத் தொடங்கிவிட்டதும் படத்தில் தெரிகிறது.

இந்த எழுத்துகள் யாருக்குச் சொந்தம்? சட்டப்படி கட்டட உரிமையாளருக்குத்தான். தேசிய நிலச் சட்டத்தின் பொருள்விளக்கப்படி, நிலத்தோடு இணைந்தவையும், அப்படி இணைந்தவற்றோடு நிரந்தரமாகப் பிணைந்தவையும் நிலத்தில் அடக்கம். உங்கள் தாத்தாவின் காசில் வார்த்தவையானாலும், பூச்சோடு ஒன்றிப்போன எழுத்துகளை உங்கள் பொருளென்று கோருவது கடினம். பெயர் வேறு விஷயம். அந்தப் பெயரில் வியாபாரம் நடத்திச் சேர்த்த நற்பெயர் உங்களுடையது. நாளை வேறொருவர் அந்தக் கட்டடத்தில் அதே பெயரைக் காட்டி, உங்கள் கடைதான் அது என்று வாடிக்கையாளரை நம்பவைத்தால் தடுக்க வழியுண்டு. மல்லி மிளகாய் எழுத்துக்குக் கீழே காப்பி விற்பதை மட்டும் தடுக்க முடியாது. அந்தக் காட்சியை நம் தெருக்களில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

ஆனால் சொந்தம் என்பதாலேயே உரிமையாளர் நினைத்தபடி செதுக்கிவிட முடியாது. இங்கேதான் நீங்கள் பகையாக நினைத்த அதே விதிகள் உங்கள் பக்கம் திரும்புகின்றன. வெளித்தோற்றத்தை மாற்றும் வேலை என்று உங்கள் பலகைமேல் வைக்கும் வாதம், அவருடைய உளிமேலும் அப்படியே பொருந்தும். இரண்டாம் வகைக் கட்டடத்தின் முகப்பிலிருந்து பழைய புடைப்பெழுத்தை அகற்றுவதற்கு மன்றத்தைக் கேட்காமல் கைவைப்பவர், 172-ஆம் சட்டத்தின் வாயில் தாமாகப் போய் விழுகிறார். ஜார்ஜ்டவுன் உலக மரபுப் பட்டியலில் ஏறியதற்குச் சொன்ன காரணங்களில், இங்குள்ள பல சமயங்களோடும் உணவோடும் விழாக்களோடும் பல மொழிகளும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. லெபோ குயினில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோவிலும், லெபோ சூலியாவில் உள்ள நாகூர் தர்காவும் எந்தக் காரணத்துக்காகப் போற்றப்படுகின்றனவோ, அதே காரணத்தின் சிறு துண்டு உங்கள் சுவரில் இருக்கிறது. நீங்கள் அதன்மேல் அலுமினியத்தை மாட்டினீர்கள் என்பதை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உரிமையாளருக்கு எழுதும் கடிதம் பணிவாக இருக்கட்டும். ‘பலகையை என் செலவில் அகற்றிவிடுகிறேன், முகப்பில் எந்த வேலையும் மன்றத்தின் மரபுப் பாதுகாப்புப் பிரிவைக் கேட்காமல் செய்தால் உரிமையாளரும் பொறுப்பாக வேண்டியிருக்கும் என்று அறிகிறேன், ஆகவே அனுமதி பற்றித் தெளிவு கிடைக்கும்வரை எழுத்துகளை அப்படியே விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற அளவில் போதும். மிரட்டல் தொனி வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. தந்தை காலமானபின் புதிய ஒப்பந்தம் எழுதவில்லை, மாதா மாதம் வாடகை கொடுத்து ரசீது வாங்குகிறோம் என்கிறீர்கள். அப்படியானால் உரிமையாளர் முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து உங்களை வெளியேறச் சொல்ல முடியும். ‘மூன்று தலைமுறையாக இருக்கிறோம், எங்களை அசைக்க முடியாது’ என்பது 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயிரோடிருந்த காலத்துப் பேச்சு. அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் பாதுகாப்பு முழுதாக விலகிவிட்டது. பழைய கடைகள் பல அந்தக் காலகட்டத்தில்தான் தெருவை விட்டுப் போயின. இந்தப் பலகை விவகாரம் சுமுகமாக முடிந்த கையோடு, மூன்றாண்டுக்கு எழுத்து மூல ஒப்பந்தம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பலகையும் முகப்பும் பற்றி இரண்டு வரிகள் அதில் இருக்கட்டும்.

உரிமையாளர் பலகைக்குத் தந்த சம்மதக் கடிதத்தைப் பொறுத்தவரை, அது அவருக்கும் உங்களுக்கும் இடையே மட்டும் செல்லும். விண்ணப்பத்துக்கு அது தேவை. அனுமதிக்குப் பதிலாக அது நிற்காது.

வழக்கா, விண்ணப்பமா?

மன்றத்தின் முடிவை உயர்நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வுக்குக் கொண்டுபோக முடியும். 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள், கட்டளை 53-இன்படி மூன்று மாதத்துக்குள் அனுமதி கோர வேண்டும். ஆனால் அங்கே நீதிபதி, பலகை அழகாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். மன்றம் அதிகாரத்தை மீறியதா, நியாயமான முறையைப் பின்பற்றியதா என்றுதான் பார்ப்பார். உரிமமே வாங்காத பலகையை அகற்றச் சொன்னதில் அதிகார மீறல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பலகையின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும் வழக்கை எடுத்துக் கட்டணம் வாங்கிக்கொள்வது எனக்குச் சுலபம். உங்களுக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

திட்ட மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 172-ஆம் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, திட்ட அனுமதி மறுக்கப்பட்டவரோ, விதித்த நிபந்தனையை ஏற்காதவரோ முடிவு கிடைத்த ஒரு மாதத்துக்குள் அங்கே போகலாம். நீங்கள் எதற்கும் இதுவரை விண்ணப்பிக்கவே இல்லையே! மறுப்பு இல்லாத இடத்தில் மேல்முறையீடு இல்லை.

ஒப்பந்தக்காரரிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்பது வேறு வழக்கு. அதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. உரிமம் வாங்கித் தருவதாக வாய்மொழியில் சொன்னதும் ஒப்பந்தமாகலாம், நிரூபிப்பதுதான் சிரமம். அவர் அனுப்பிய வாட்சாப் செய்திகளையும் விலைப்புள்ளியையும் அழித்துவிடாதீர்கள். விலைப்புள்ளியில் ‘உரிமக் கட்டணம் உட்பட’ என்று ஒரு வரி இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நுகர்வோர் தீர்ப்பாயம் இதை எடுக்காது. கடைக்காக வாங்கிய பொருள் அந்தச் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் வாங்கியதல்ல. கோரிக்கை 5,000 வெள்ளிக்குள் அடங்கினால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை உண்டு, ஆனால் கடைப் பெயர் நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் அந்த வாசல் திறக்காமல் போகலாம். எதுவானாலும் ஆறாண்டுக் காலவரம்பு இருக்கிறது; இதற்கு இன்றைக்கு ஓட வேண்டியதில்லை.

இந்த 14 நாளில்

நாள் முடிவதற்கு முன்பே, பெறப்பட்ட முத்திரையோடு நகல் வாங்கிக்கொண்டு, மன்றத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: அறிவிப்பு கிடைத்தது, பலகையை அகற்ற ஒப்புக்கொள்கிறோம், அதன் பின்னால் பழைய புடைப்பெழுத்துகள் இருப்பதால் சேதமில்லாமல் கழற்றக் கூடுதல் நாள் வேண்டும், அதற்கு மரபுப் பாதுகாப்புப் பிரிவின் வழிகாட்டுதலும் வேண்டும் என்று. எல்இடி விளக்கை இன்றிரவே அணைத்துவிடுங்கள். நீங்கள் ஒத்துழைக்கிறீர்கள் என்பதற்கு அது செலவில்லாத சாட்சி. மன்ற ஊழியர்களே வந்து கழற்றும் நிலைக்கு விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குப் பலகைதான் வேலை, பின்னால் இருக்கும் ‘னை’ அல்ல.

கழற்றும் முறையைப் பற்றி, கட்டடப் பாதுகாப்பு வேலை செய்யும் ஒருவரைக் கேட்டு எழுதுகிறேன். பழைய கடைவீடுகளின் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் தன்மையுள்ளது. சுவருக்குள் விரிந்து பிடித்திருக்கும் திருகை நெம்பி இழுத்தால் அதோடு ஒரு கைப்பிடிப் பூச்சும் பெயர்ந்துவரும். மரையைக் கழற்றிப் பலகையை முதலில் இறக்கிவிட்டு, எழுத்துக்கு அருகிலுள்ள திருகுகளை அப்போதைக்குத் தொடாமல் விடுங்கள். துளைகளைச் சிமெண்டால் அடைக்கச் சொல்லாதீர்கள். சிமெண்டு ஈரத்தைப் பூட்டிவைக்கும், சுற்றியுள்ள பூச்சு உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் சரி. லெபோ ஆச்சேயில் இருக்கும் ஜார்ஜ்டவுன் உலக மரபு நிறுவனத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். இந்த வேலை தெரிந்தவர்களைப் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

புதிய பலகைக்கு விண்ணப்பிக்கும்போது முகப்பின் அளவுப்படி வரைந்த படம், பலகையின் நீள அகலம், பொருள், நிறம், விளக்கு, எங்கே எப்படிப் பொருத்தப் போகிறீர்கள் என்ற குறிப்பு, உரிமையாளரின் சம்மதம், மலாய்த் தொடருக்கான உறுதிச் சான்று ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். பழைய எழுத்துகளை அப்படியே காப்பதாக முதல் வரியிலேயே சொல்லுங்கள். உங்கள் விண்ணப்பத்துக்கு அதைவிட நல்ல வக்கீல் கிடைக்காது. நம் தெருக்களில் பெயர் எழுதும் பழைய இடங்கள் மூன்று: மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவிலுள்ள பட்டை, வாசலுக்கு மேலே கிடைமட்டப் பலகை, அஞ்சடித் தூண்களின் முகம். முதல் இடத்தைத் தாத்தா எடுத்துக்கொண்டுவிட்டார். மற்ற இரண்டில், மலாயும் தமிழும் ஆங்கிலமும் இருக்கும் மரப்பலகை ஒன்றும், தூணில் கையெழுத்தாகத் தீட்டிய பெயர் ஒன்றும் போதுமென்று நினைக்கிறேன். அளவு வரம்பையும் விளக்கு பற்றிய விதியையும் உங்கள் கட்டட வகைக்கு உரியபடி மரபுப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு ஆசாரியிடம் முன்பணம் கொடுங்கள். அதிகாரி ஒருவர் வாய்மொழியாகச் ‘சரி’ என்றார் என்பதை வைத்து முன்பணம் கொடுக்க வேண்டாம். சென்ற ஆண்டு உங்களை இங்கே கொண்டுவந்து விட்டதும் ஒரு வாய்மொழிதான்.

ஏணி சுவரில் சாய்வதற்கு முன், காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில், பலகைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக முடிந்த அளவு படம் எடுத்து வையுங்கள். பலகை இறங்கியதும் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, தேதியோடு படமெடுங்கள். ஒரு தொகுதியை மன்றத்துக் கடிதத்தோடு சேருங்கள், ஒரு தொகுதியை உரிமையாளருக்குக் கொடுங்கள். எனக்கும் அந்த ‘னை’யின் படம் ஒன்றை அனுப்பினால் மகிழ்வேன்.